அவன் திட்டியது என்னை

கோவில்பட்டி
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புள்ள மகன் எபநேசருக்கு, கர்த்தருடைய நாமத்தில் அம்மா எழுதுவது. அவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கனடாவில் நீ சுகமாய்த்தான் இருப்பாய், வீடியோவில் உன் கன்னம் உப்பியிருந்ததைச் சபையே பார்த்தது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ ஸ்தோத்திரம் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், விளையாட்டில் பிடிக்காதவனை மியூட் பண்ணுகிற மாதிரி. கடிதத்தை மியூட் பண்ண முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

நம் வாலிபர் கூட்டத்துக்கு நீ அனுப்பிய பேச்சைக் கேட்டேன். ஆன்லைன் விளையாட்டில் கூட ஆடுகிறவன் கெட்ட வார்த்தை பேசினால் கிறிஸ்தவ வாலிபன் என்ன செய்யவேண்டும் என்று அழகாய்ச் சொன்னாய், பதிலுக்குத் திட்டாதே, அவனுக்காக ஜெபி, உன் சாட்சியைக் காத்துக்கொள் என்றாய். போதகர் வீட்டு ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையென்றால் இப்படிப் பெறவேண்டும் என்றார்கள். அதற்கு உதாரணம் என்று ஒருத்தன் திட்டுகிறதைப் பதிவுபண்ணிப் போட்டாயே, அங்கேதான் ஐயரம்மா பிடித்திருந்த கையை உருவிக்கொண்டேன். நம் பக்கத்துப் பையன்கள் விளையாட்டில் பேரோடு ஊரையும் சேர்த்துப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியாதா. திரையில் சுடலைமணி நாகலாபுரம் என்று கொட்டை எழுத்தில் நின்றது. பள்ளிக்கூடம் முடிகிறவரை உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், நம் சபைக்காரனாக இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் சபை அசன விருந்துக்கு வந்து பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவன், அப்பாவுக்கு மயக்கம் வந்தால் நான் முதலில் கூப்பிடுகிறவன்.

அந்தப் பேச்சு சபை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கைமாறிக் கைமாறிக் கயத்தாற்றில் செல்வமாரி வீட்டுக்கும் போய்விட்டது. அவளுக்கும் சுடலைமணிக்கும் வெற்றிலை மாற்றி நாள் குறித்திருந்தது உனக்கும் தெரியும். பெண்ணைப் பெற்றவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நாகலாபுரம் வந்து, சுடலைமணியின் அம்மா சொர்ணத்தாய் காப்பித் தட்டோடு நிற்கும்போதே போனைச் சத்தமாய் வைத்து எல்லாரையும் கேட்கவிட்டிருக்கிறார். பெத்தவள இழுத்துப் பேசுத பயலுக்கு எம்புள்ளையக் குடுத்துட்டு நான் என்ன பாடுபடணும் என்று கேட்டாராம். சொர்ணத்தாய்க்குத் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லையாம். செல்வமாரிக்கு இப்போது சங்கரன்கோவில் பக்கம் வேறு இடம் முடிந்து பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். இனி நீ முழங்காலில் நின்று தேய்ந்தாலும் அது திரும்பாது.

போன வாரம் சுடலைமணி வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான், உள்ள வாய்யா என்றால் வரவில்லை. யம்மா, உங்களத்தான் அசிங்கமா பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க என்றான். ஏம்ல அப்படிப் பேசுன என்று கேட்டேன், சொல்ல மனசில்லாமல்தான் சொன்னான். விளையாட்டில் உன்னைச் சுட வந்தவனைத் தடுக்க அவன் தவறினானாம். மக்காச்சோளத்தப் புழுகிட்ட இருந்து காப்பாத்தத் தெரியாதவன் என்னைய எங்க காப்பாத்தப் போற, போயி வெறும் சோளத்தட்டைய எண்ணு என்று, கூட ஆடினவர்கள் எல்லார் காதிலும் விழ நீ சொல்லிச் சிரித்தாயாம். அதை வெட்டி எறிந்துவிட்டு, அதற்கு அவன் திட்டியதை மட்டும் போட்டிருக்கிறாய். அவன் மக்காச்சோளக் காட்டில் படைப்புழு விழுந்து மொத்த விளைச்சலும் போனதை உனக்குச் சொன்னவள் நான், ஜெபத்தில் வைத்துக்கொள் என்று சொன்னேன். ஜெபத்துக்குக் கொடுத்ததை எடுத்து அவன் முகத்தில் அடித்திருக்கிறாய். நீ பேசியதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன், ஐயரே உட்கார்ந்து தேடினாலும் அகப்படாது. அவன் வாயில் வந்தது காலில் ஒட்டுகிற கரிசல் மண் மாதிரி, கழுவினால் போய்விடும். உன்னுடையதை எதை ஊற்றிக் கழுவ என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் திட்டியது என்னை. எனக்கு வராத வலி உனக்கு எப்படி வந்தது. உனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வந்திருந்தால் பதிலுக்கு நீயும் சொர்ணத்தாயை இழுத்திருப்பாய், மறுநாள் இரண்டு பேரும் மறுபடி சேர்ந்து ஆடியிருப்பீர்கள். நீயோ நிதானமாய் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பிரசங்கம் ஆக்கினாய். அப்பா, சின்னப்பய தெரியாம செஞ்சிட்டான், விடு என்கிறார். உனக்குப் பெண் பார்க்கச் சொல்லும்போது மட்டும் அவருக்கு நீ பெரிய ஆள். உனக்கு இப்போது பெண் பார்க்கிறதாக இல்லை, எந்த வீட்டில் போய் என் மகன் நல்லவன் என்று சொல்வேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக, அது அவர் வேலை, அவர் செய்வார், அதற்குமேல் ஆசீர்வாதம் இன்றைக்கு என்னிடம் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ வெட்டி எடுத்த பகுதியை, உன் சிரிப்போடு, அதே குரூப்பில் நீயே போடு. பிறகு சுடலைமணியைக் கூப்பிடு, விளையாட்டில் இல்லை, போனில். வசனம் சொல்லாதே. கட்டாயம் திட்டுவான், என்னை இழுத்துத்தான் திட்டுவான், திட்டிக்கோ என்று நான் சொல்லிவிட்டேன். அவன் முடிக்கிறவரை போனை வைக்காதே, நடுவில் ஜெபம் பண்ணாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானசுந்தரி