பவானியின் தாள்களைக் கொடுத்துவிட்டோம்

என் கிளி நிரோஜாவுக்கு,

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் உன் பெத்தா. உன் அம்மாவைப் பெற்றதையும், அவள் பெற்ற நீ தமிழ் ரீச்சரானதையும் தவிர ஊருக்குச் சொல்ல எனக்கு வேறு பெருமை இருந்ததில்லை. இப்போது என்னை “ரீச்சர்ட பெத்தா” என்று கூப்பிடுகிறவர்கள், கூப்பிட்ட கையோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். ஏன் மூட வேண்டும்? நான் இன்னும் ரீச்சருடைய பெத்தாதானே.

காய்ச்சலோடு உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோது, பாதி திருத்திய தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தாய். “வந்து மிச்சத்தப் பாக்கிறன், ஆரும் தொடவேணாம்” என்றாய். நீ வரவில்லை. உன் அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தாள்களுக்காக, உன்னிடம் தமிழ் படிக்க வந்துபோன பவானி வந்தாள். சித்தாண்டியில் பாலர் பாடசாலையில் உதவிக்கு நிற்கிறவள். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு சாதாரணதரப் பரீட்சையில் தமிழை மறுபடி எழுதுகிறாள். இந்த முறை சித்தியடைந்தால் அங்கேயே ரீச்சராக்குவார்களாம். பாடத்துக்கு வைத்த பழைய நாவலைப் பற்றி அவள் எழுதிய வசனங்களில் எங்கெங்கே பிழை என்று தெரியாமல் சோதினைக்கு எப்படிப் போவாள்?

வாசல் படலைக்கு வெளியே நின்றுதான் கேட்டாள்.

“அக்கா, என்ட தாள்... ரீச்சர் பாத்து வெச்சிருப்பா.”

“செத்த வீட்டுத் துடக்கு. முப்பத்தொண்டு நாள் கழியாம இங்கரிந்து ஒண்டும் வெளிய போகப்படா” என்றாள் உன் அம்மா.

“அதுக்கு முதல் சோதின வந்திரும் அக்கா.”

“அப்ப அடுத்த வருசம் எழுது.”

முதல்நாள்தான் பக்கத்து வீட்டாருக்குச் சோற்றுச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தவள் உன் அம்மா. சட்டிக்கு இல்லாத துடக்கு தாளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? உன் கையெழுத்தை வெளியே விட அவளுக்கு மனமில்லை, கிளி. எனக்கு மட்டும் மனமிருந்ததா? ஆனால் படலையில் நின்றவளின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

நான் வெளியே போய் மாமர நிழலில் பவானியை இருத்தினேன். அவள் புதிதாக எழுதிக் கொண்டுவந்தவற்றை வாசிக்கச் சொன்னேன். நான் இறால் உரிக்க, நீ ஒவ்வொரு வசனமாக எனக்கு வாசித்துக் காட்டுவாயே, எனக்கு விளங்காத இடத்தில் பென்சிலால் மெல்லக் கோடு போடுவாயே, அந்த மாதிரிச் செய்து பார்ப்போம் என்று நினைத்தேன்.

“அவள் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தாள்” என்று வாசித்தாள்.

“ஆருகா பூட்டின? ஆருக்குக் குடுத்த?”

“நாவல்ல வாற பொம்பிள பெத்தா. புருசனத் தேடிப் போகக்குள்ள அயல்வீட்டுக்குக் குடுக்கா.”

“எத்தின வயசு அவவுக்கு?”

“அம்பது இருக்கும்.”

“அம்பது வயசுப் பொம்பிளய ‘அவள்’ எண்டா எழுதுற? ‘அவ’ எண்டு மரியாதையா எழுது புள்ள.”

பாவம், அவள் எல்லா வசனத்திலும் மாற்றத் தொடங்கிவிட்டாள். அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“அம்மா, அந்தப் புள்ளயப் பெயிலாக்கிறதுக்கோ கூப்பிட்டு இருத்தினீங்க?”

நீ போனபிறகு உன் அம்மாவின் குரல் அந்த அளவுக்கு உயர்ந்ததே இல்லை. “சோதினைக்கு ‘அவ’ எண்டு எழுத ஏலா” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். கையில் நீ திருத்திய தாள்கள்.

எங்களோடு மண்ணில் இருந்து, நீ கோடு போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பவானிக்குக் காட்டினாள். இரண்டாம் தாளின் நடுவில் கோடுகள் நின்றுவிட்டன. அவளுடைய விரலும் அங்கேயே நின்றது.

“இனி நான் பாக்கட்டுமா?”

எங்களைப் பார்த்து அவள் கேட்கவில்லை. உனக்குக் கேட்டதா?

பிறகு பவானியிடமே பென்சில் வாங்கி மிச்சத்தைத் திருத்தினாள். எல்லாம் சரியோ எனக்குத் தெரியாது. தாள்களைப் பவானியின் கையில் வைத்து, “கொண்டு போ. ரீச்சர்ட கோட்ட அழிச்சிராத” என்றாள். பவானி போனதும் உள்ளே போய், வெறும் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். விளக்கு வைக்கும்வரை எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

இன்றைக்குச் சோதினை. பவானி எழுதிக்கொண்டிருப்பாள். தவறினால் ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறாள் உன் அம்மா.

போகிற வரிசையில் முதலில் நின்றவள் நான். நீ முந்திவிட்டாய். இனி நான் அவசரப்பட மாட்டேன், கிளி. உன் அம்மா தனியாக ஒரு பிடி சோறு தின்னப் பழகும்வரை அவளை விட்டு வரமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அதுவரை என்னைத் தேடாதே.

உன் அம்மாவுக்கும் அம்மாவான,
பெத்தா