வெண்ணெய்க் குரல்

ஏப்ரல் 4
கப்பல் சமையலறை

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இங்கே நான், அடுப்பு, இருபது பேருடைய பசி எல்லாம் சௌகரியம். அங்கே நீயும் உன் மூக்குக்கண்ணாடிக் கடையும் எப்படி?

பேசி வைத்தபடி லிஃப்ட் கொலைக் கதையை ஒலிப்புத்தகமாகக் கேட்டு முடித்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துபோயிற்று. எழுதியவர் சாமர்த்தியமாகத்தான் மறைத்திருக்கிறார், வாசித்தவர்தான் காட்டிக்கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் சாதாரணக் குரல் கொடுத்துவிட்டு, வாட்ச்மேனுக்கு மட்டும் தொண்டையில் கரகரப்பு ஏற்றினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் வெங்காயம் உரித்துக்கொண்டே 'இவன்தாண்டா' என்று கத்திவிட்டேன். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் பயந்துபோனான்.

அதற்கு முன்னால் கேட்ட மலையேறும் பெண்ணின் கதை வேறு ரகம். அந்த அம்மாள் பனியைப் பற்றி வாசிக்கிறாள், ரொட்டி அடுப்பு முன்னால் நிற்கிற எனக்குக் குளிர் எடுக்கிறது. அவளுக்கு முழு மார்க்.

நீ வாசித்த புத்தகத்தைப் போன துறைமுகத்தில் போனில் இறக்கிக்கொண்டேன். என் பெண்டாட்டி ஒலிப்புத்தகம் வாசிக்கிறாள் என்று கப்பல் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. தமிழ் தெரிந்தவன் இரண்டாம் இன்ஜினியர் ஒருத்தன்தான். மற்றவர்கள் சும்மா தலையாட்டினார்கள்.

உன் சமையல்காரன்


ஏப்ரல் 11

அன்புள்ள சமையல்காரருக்கு,

கடிதம் வந்தது. வாட்ச்மேன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மலையேறின அம்மாளுக்கு முழு மார்க்கா? நானும் கேட்டேன். வரிக்கு வரி மூச்சு வாங்குகிறாள். மலை ஏறினது கதாநாயகியா, வாசிக்கிறவளா என்றே எனக்குப் புரியவில்லை. பாதி மார்க் போடலாம், அதுவும் உங்கள் முகத்துக்காக.

யாரோ ஒருத்தி குரலைப் பற்றி இத்தனை வரி எழுத வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் 'ம்', 'சரி', 'வேற?' இந்த மூன்றுதான். எழுதும்போதுதான் உங்களுக்கு வாயே திறக்கிறது. இந்தக் கடிதப் பழக்கத்தை நான் பிடிவாதமாக வைத்திருப்பதே அதற்காகத்தான்.

என் புத்தகம் இரண்டு குரல் புத்தகம். பெண் சொல்லும் பகுதியெல்லாம் நான், ஆண் சொல்வதெல்லாம் இன்னொருவர். கதையைச் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் அவசரப்படாமல், கையில் கத்தி இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அதற்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன். பெண்டாட்டி என்று பார்த்து மார்க் போட வேண்டாம். மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரியே நல்லது கெட்டது இரண்டும் வேண்டும்.

கடையில் புதிதாக ஒரு மேலாளர் வந்திருக்கிறார். அவருக்கே கண் சரியாகத் தெரியவில்லை.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கேட்டேன். யார் அந்த ஆள்?

வாசிக்கிறானா, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறானா? 'மழை வரும்போல இருக்கு' என்பது ஒரு சாதாரண வாக்கியம். அதைப் போய் அவ்வளவு உருகிச் சொல்ல என்ன இருக்கிறது? உன் பெயரை, அதாவது கதையில் வரும் பெண்ணின் பெயரை, அவன் கூப்பிடும்போதெல்லாம் கடைசி எழுத்தை இழுக்கிறான். குரல் கனமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கனமான குரல் உள்ளவர்கள் பாதிப் பேர் தங்கள் குரலைத் தாங்களே கேட்டு ரசிப்பவர்கள்.

சாப்பாட்டு மேஜையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அது உன் புத்தகம் என்று தெரியாமல் இரண்டாம் இன்ஜினியர் சூப் குடித்துக்கொண்டே கேட்டான். "அண்ணே, இவங்க ரெண்டு பேரும் நெஜத்துலயும் புருஷன் பொண்டாட்டிதானே? சும்மா நடிச்சா இப்படி வராது" என்றான். "அது உன் அண்ணிடா" என்றேன். சூப்பை அப்படியே வைத்துவிட்டு இன்ஜின் அறைக்குப் போய்விட்டான்.

ஒன்பதாம் அத்தியாயமும் கேட்டேன். அவன் வெகுநாள் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். நீ கதவைத் திறக்கிறாய். ஒரு இடைவெளி. அப்புறம் 'வந்துட்டீங்களா' என்கிறாய். அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. நானும் எத்தனையோ தடவை கப்பலிலிருந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறேன். 'காஸ் தீர்ந்துபோச்சு' என்றுதான் எனக்குக் கேட்டிருக்கிறது.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பீர்களா? ஒரே மைக்கா? இடையில் டீ குடிக்கப் போவதுண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் சமையல்காரன்


ஏப்ரல் 27

அன்புள்ள சமையல்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை.

மைக் எத்தனை, டீ உண்டா என்பதற்கெல்லாம் பதில் சொல்லப் போவதில்லை. கடையில் தினமும் எத்தனை ஆண்கள் முகத்தை நிமிர்த்திப் பிடித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறேன். அதற்கு நீங்கள் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. கண்ணால் பார்ப்பதைப் பற்றிக் கவலை இல்லை, காதில் கேட்பதற்கு மட்டும் விசாரணையா?

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் எப்படி வாசித்தேன் என்று ஒரு வரி இல்லை. வாட்ச்மேன் தொண்டைக்கு வந்த மரியாதைகூட எனக்கு வரவில்லை.

இன்னொரு செய்தி. தயாரிப்பாளருக்குப் புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்து ஒரே குடும்பத்தைப் பற்றிய தொடர் நாவல்கள் வாங்கியிருக்கிறார்கள். அதே இரண்டு குரல்தான் வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்து. என் குரலைத் தேடி ஒருவர் வருவது எனக்கு இதுதான் முதல் தடவை. கடையில் 'அடுத்தவர் வாங்க' என்று கூப்பிட மட்டும்தான் இது உதவும் என்று நினைத்திருந்தேன். ரொம்ப ஆசையாக இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டுப் போடலாம் என்று காத்திருக்கிறேன்.

கண்ணாடிக்காரி


மே 6

கண்ணாடிக்காரிக்கு,

போடாதே. வேறு ஆளோடு என்றால் போடு. தனியாக வாசிப்பதென்றால் இன்னும் நல்லது. அந்த வெண்ணெயோடு வேண்டாம்.

ஆமாம், பொறாமைதான். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். வயிறு எரிகிறது. நேற்று ரொட்டியும் எரிந்தது. கேப்டன் கருகின ஓரத்தைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டீ குடித்தாயா என்று கேட்டால் 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை. சொல்லாததை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

இந்தத் துறைமுகத்தில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. ஆப்பில் போய் அவனுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். 'ஆண் குரலில் வெண்ணெய் அதிகம், வாய்க்கு வழங்கவில்லை. இப்படிக்கு, ஒரு சமையல்காரன்' என்று கருத்தும் எழுதிவிட்டேன். அதற்கப்புறம்தான் நாலு வாய் சாப்பிட முடிந்தது.

சமையல்காரன்


மே 15

சமையல்காரருக்கு,

வாசிப்பவருக்கென்று ஆப்பில் தனியாக நட்சத்திரம் கிடையாது. புத்தகத்துக்குத்தான் உண்டு. வந்து ஒன்றிரண்டு மாதமே ஆன புத்தகம், நாலைந்து பேர்தான் மதிப்புப் போட்டிருந்தார்கள். உங்கள் நட்சத்திரம் பட்டதும் பொத்தென்று கீழே போய்விட்டது. தயாரிப்பாளர் போன் செய்தார். "யாரோ ஒரு சமையல்காரனாங்க, என்ன கோபமோ" என்றார். நானும் யாரோ என்றேன். அடுத்த தொடருக்குக் குரலை மாற்றிப் பார்க்கலாமா என்று அவருடைய அலுவலகத்தில் பேச்சு நடக்கிறதாம். ஆண் குரலை அல்ல. அவர் பேர் வாங்கினவர், அவரை விட மாட்டார்கள். மாற்றுவதென்றால் என்னைத்தான்.

இப்போது கேள்விகளுக்குப் பதில். நம் படுக்கையறைத் துணி அலமாரியில்தான் வாசித்தேன். தெருச் சத்தம் உள்ளே வராமல் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, உங்கள் குளிர்கோட்டுக்கும் என் புடவைகளுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். காற்றாடி கிடையாது, அதன் சத்தம் மைக்கில் விழும். டீயும் கிடையாது, குடித்தால் வயிறு கடமுடா என்று பேசும், அதுவும் விழும். வியர்வையில் குளித்துக்கொண்டு ஆண் பேசும் இடங்களில் மனசுக்குள் எண்ணிவிட்டு என் வரியைச் சொல்வேன். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. அவர் வேறு ஊரில் இருக்கிறார். ஒரு மாதம் கழித்துத் தன் பங்கை வாசித்து அனுப்பினார். எடிட்டிங் செய்யும் பெண் இரண்டையும் வெட்டி ஒட்டினாள். நீங்கள் சொன்ன அந்த இடைவெளி அவள் வைத்தது. அந்தச் சிரிப்பு, வேறொரு அத்தியாயத்தில் வாய் குழறி நானே சிரித்தது. வீணாக்க வேண்டாம் என்று எடுத்து அங்கே வைத்திருக்கிறாள்.

'வந்துட்டீங்களா' மட்டும் என்னுடையது. எத்தனை தடவை சொல்லியும் சரியாக வரவில்லை. யாரையாவது மனதில் நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார் தயாரிப்பாளர் போனில். நினைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் ஓட்டல் வேலை முடிந்து ஒருவர் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும். முதலாளி சறுக்கி விழுந்தது, மாவு மூட்டையில் பூனை குட்டி போட்டது, எவனோ உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டது. நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவரை நினைத்துத்தான் சொன்னேன். அவர் எந்தத் துறைமுகத்தில் இறங்கிப் போனார் என்று எனக்குத் தெரியவில்லை.

மனைவி


மே 24

என் கண்ணாடிக்காரிக்கு,

நட்சத்திரத்தை அழித்துவிட்டேன். கருத்தையும் அழித்துவிட்டேன். தயாரிப்பாளரின் முகவரி கொடு, அந்தச் சமையல்காரன் நான்தான் என்று எழுதுகிறேன். காறித் துப்பினாலும் துப்பட்டும்.

நீ வாசித்ததைப் பற்றி. முதல் இரண்டு அத்தியாயம் ஓடுகிறாய். வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்குகிறாய், பசியில் சாப்பிடுகிறவர்கள் மாதிரி. கதையில் வரும் தாய்க்கு உன் அம்மாவின் குரலையே போட்டுவிட்டாய். அவர் பேச ஆரம்பித்ததும் நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றேன். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து நீ வாசிப்பதே தெரியவில்லை. அந்தப் பெண்தான் தெரிகிறாள். அவள் தனியாகச் சாப்பிடும் இடத்தில் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அங்கே நான் வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை. மலையேறின அம்மாள் உன் பக்கத்தில் நிற்க முடியாது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்குக் காது அவன் பக்கமே இருந்தது.

வெண்ணெய் மேல் இப்போது கோபம் இல்லை, பாவம். அந்த ஓட்டல்காரன் மேல்தான் பொறாமையாக இருக்கிறது. அவனுக்கு என்ன வாய்!

சரி, கேள். நேற்றுப் பண்டம் வைக்கும் குளிரறை நின்றுபோயிற்று. இரண்டாம் இன்ஜினியர் உள்ளே போய்ப் பழுது பார்க்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான், கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து "அண்ணே, அண்ணியப் பத்தி நான் சொன்னதுக்குப் பழி வாங்காதீங்க" என்று கத்துகிறான். திறந்துவிட்டால் கையில் கால் கிலோ ஐஸ்கிரீம், பாதி காலி.

உன் சமையல்காரன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள சமையல்காரருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசிய பேச்சில் என் போன் சூடாகி அணைந்தேவிட்டது. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இன்ஜினியர் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் கதை பாதியில் நிற்கிறது.

போனில் சொல்ல வராத ஒன்றை எழுதுகிறேன். தொடர் எனக்குக் கிடைக்கவில்லை. தயாரிப்பாளர் உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தாராம். ஆனால் அதற்குள் வேறொரு பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தொடரின் முதல் புத்தகம் வந்துவிட்டது. நேற்றுக் கடைக்கு லீவு போட்டுவிட்டு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டேன்.

அதே வெண்ணெய்க் குரல். அவள் பெயரையும் கடைசி எழுத்தை இழுத்துத்தான் கூப்பிடுகிறார். பார்த்தே இராத ஒரு மனிதர், யாரைக் கூப்பிட்டால் எனக்கென்ன? ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அது என்னைக் கூப்பிட வேண்டிய இடம். உங்களைப் போலவே நானும் ஆப்பைத் திறந்து நட்சத்திரம் வரைக்கும் போய்விட்டேன். ஒன்றில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

குறை கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். மூச்சு வாங்கவில்லை, ஓடவில்லை, கடைசி வார்த்தையை விழுங்கவில்லை. நன்றாக வாசித்திருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை. கடைசியில் ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து போர்வைகளையெல்லாம் மடித்து வைத்தேன்.

நீங்கள் அடுத்த மாதம் வருகிறீர்கள். உங்களையும் அவளையும் ஒரே சமயத்தில் மன்னிக்க என்னால் ஆகாது. முதலில் அவளை மன்னித்துக்கொள்கிறேன், அவள் எதுவும் செய்யவில்லை என்பதால் அது சுலபம். நீங்கள் அதுவரை பேசிக்கொண்டே இருங்கள்.

கண்ணாடிக்காரி