மாமா பாடினால் எழுந்து நிற்பார்கள்

புத்தூர்,
8-3-1996

அன்புள்ள மாப்பிள்ளை ரமணாவுக்கு,

உன் தாய்மாமன் முனிரத்தினம் எழுதிக்கொண்டது. உன் அம்மாவும் தங்கை சங்கரியும் நலம். நான் ரொம்ப நலம். குவைத் வெயிலைப் பற்றி எழுதியிருந்தாய். நம் புத்தூர் வெயிலுக்கு முன்னால் அது நிற்காது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமன் இனி வெறும் சைக்கிள் கடை முனிரத்தினம் இல்லை. ஏழுமலையான்மேல் நானே கட்டிய பாட்டைத் திருப்பதியில் கேசட் போட்டேன் அல்லவா? ஸ்டூடியோக்காரர் கடைசிவரை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். வெளிச் சத்தம் கலக்காமல் கேட்கவேண்டுமாம். இரண்டாம் சரணத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. மறுபடி பாடட்டுமா என்றேன். "வேணாம் சாமி, இதுவே போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு மரியாதை.

இப்போது பாகாலாவிலிருந்து திருப்பதிவரை என் பாட்டுப் போடாத கல்யாணச் சத்திரம் கிடையாது. காலையிலிருந்து சினிமாப் பாட்டு எவ்வளவோ போடுகிறார்கள், ஆனால் கடைசிப் பாட்டு என்னுடையது. போன வாரம் அலிபிரி ரோட்டுச் சத்திரத்தில் என் கண்ணால் பார்த்தேன். சாப்பிட்டு முடித்து, வெற்றிலை மென்றுகொண்டு சனம் நாற்காலிகளில் சாய்ந்து கிடந்தது. மைக் செட் கங்கையா என் கேசட்டைச் செருகினான். முதல் வரிக்கே சத்திரம் முழுக்க எழுந்து நின்றது, மாப்பிள்ளை. கொடியேற்றும்போது நிற்பார்களே, அப்படி. பிறகு அந்த மனநிறைவோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"உன் பாட்டு இல்லன்னா எங்க பொழப்பே நடக்காது நைனா" என்கிறான் கங்கையா. அலிபிரி மலைப்படியில் குரங்குகள்கூட என் பாட்டைக் கேட்டால் தேங்காய் பொறுக்குவதை விட்டுவிடுகின்றன.

சங்கரிக்குப் பாகாலா மாப்பிள்ளை நிச்சயமானது உனக்குத் தெரியும். வைகாசியில் அதே சத்திரத்தில்தான் கல்யாணம். தாய்மாமன் சீரோடு, பாட்டும் நானே நேரில் பாடப்போகிறேன். உனக்கு லீவு கிடைக்காதது ஒன்றுதான் குறை.

இப்படிக்கு,
கான சிங்கம் முனிரத்தினம்
(பட்டம் நானே போட்டுக்கொண்டது இல்லை, கேசட் அட்டையிலேயே இருக்கிறது.)


குவைத்,
2-4-1996

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் பாட்டு இங்கேயும் வந்துவிட்டது. திருப்பதியிலிருந்து வந்த ஒருவன் எங்கள் அறையில் போட்டான். எனக்கு அதிர்ச்சியாகிவிட்டது. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சங்கரி கல்யாணத்தில் நீங்கள் பாடவேண்டாம் மாமா. வேலை அதிகம் இருக்கும், தொண்டை கெடும். நைனா போனபிறகு எங்களுக்கு எல்லாமே நீங்கள்தான். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். பாடாமல் இருந்தால் போதும்.

உங்கள் மருமகன்,
ரமணா


புத்தூர்,
27-5-1996

மாப்பிள்ளை ரமணாவுக்கு,

கல்யாணம் முடிந்தது. முதலிலேயே எழுதிவிடுகிறேன், தாலி ஏறிவிட்டது. பயப்படாமல் படி.

தொண்டை கெடும் என்று எழுதினாய். பாசத்தில் எழுதுகிறாய் என்று நினைத்து மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். முகூர்த்தத்துக்கு முன் டிபன் பந்தி. பாகாலாக்காரர்கள் வந்து உட்கார்ந்து, இலை போட்டு, பொங்கல் வைத்தாகிவிட்டது. கங்கையா ஓடிவந்து மைக்கைப் பிடுங்கப் பார்த்தான். பொறாமை என்று தள்ளிவிட்டுப் பாடினேன்.

முதல் வரி. பந்தி முழுக்க எழுந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உருக்கமாக இழுத்தேன். திறந்து பார்த்தால் பாகாலா மாப்பிள்ளையின் பெரியப்பா பாலையா இலையை மடித்துக்கொண்டிருக்கிறார்.

"எழுந்துருங்கடா. கை நனைக்கறதுக்குள்ள போவச் சொல்றாங்க. துன்னது போதும்."

எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், கல்யாண மாப்பிள்ளை உட்பட. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கங்கையாதான் காதில் சொன்னான். ஒரே நாளில் சத்திரத்துக்கு இரண்டு கல்யாணம். முதல் கல்யாணக்காரர்கள் சாப்பிட்டும் கிளம்பாவிட்டால் என் கேசட்டைப் போடுவார்களாம். ஐந்து நிமிஷத்தில் காலி. ஊரெல்லாம் என் பாட்டுக்கு அர்த்தமே கிளம்பு என்பதுதானாம்.

சங்கரி மணக்கோலத்தில் வாசலுக்கு வந்து நின்றாள். "இன்னா மாமா பண்ணிட்ட?" என்றாள். அழக்கூட இல்லை. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். போகச் சொல்லவில்லை, அந்தக் கேசட்டில் பாடியவனே நான்தான் என்றேன். பாலையா நம்பவில்லை.

"புளுவாத. அந்த ஆளு மெட்ராஸ்ல பங்களா கட்டிக்கினு கீறான். நீதான்னா பாடிக் காட்டு."

ரோட்டில் நின்று பாடினேன், மாப்பிள்ளை. டிரைவர்தான் முதலில் சிரித்தான். பிறகு பஸ்ஸே சிரித்தது. பாலையா மட்டும் சிரிக்காமல், "அப்ப இன்னாத்துக்குய்யா பந்தியில பாடின?" என்றார்.

"எனக்குப் பாட வராது. அது எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு இறங்கிவந்து, ஆறிய பொங்கலே போதும் என்று உட்கார்ந்தார். நேரம் தப்பாமல் தாலி ஏறியது.

சாப்பாடு முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. அடுத்த கல்யாணத்துப் பூக்காரன் வாசலில் நிற்கிறான். கங்கையா என் எதிரில் கேசட்டை எடுக்கக் கூச்சப்பட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். நானே மைக்கை வாங்கிப் பாடினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். சங்கரியும் எழுந்தாள், அவள் போகவேண்டியவள்தானே. சத்திரமே காலியான பிறகும் ஒரு நாற்காலியில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

பாலையா தன் ஊருக்குப் பத்துக் கேசட் கேட்டிருக்கிறார். சரி, இரண்டு கேட்டார்.

உனக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. கோபமில்லை. ஒன்றை மட்டும் உள்ளபடி எழுது. உன் அறையில் அந்தப் பாட்டைப் போட்டபோது நீ எழுந்தாயா?

முனிரத்தினம்


குவைத்,
20-6-1996

அன்புள்ள மாமாவுக்கு,

எழுந்தேன். வேறு அறையிலிருந்து வந்தவர்களை அனுப்பத்தான் போட்டார்கள். யார் குரல் என்று தெரியாமல் நானும் சிரித்துக்கொண்டே கதவுவரை போய்விட்டேன்.

இரண்டாம் சரணத்தில் இருமினீர்கள். நம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு இருமுவீர்களே, அதே இருமல்.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன் மாமா.

உங்கள்,
ரமணா