உன்னை அடக்கம் செய்த நாளில் நாங்கள் தோற்ற ஆட்டம்

என் அன்பு மச்சான் ராசு,

நீ கண்மூடிய பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஆனால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த சீசனில் நம் தோட்டத்து அணி ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். கோல் வாசலில் நீ, உனக்கு முன்னால் நான். ஒரு மேட்சிலும் தோற்காமல் வந்தோம். ஹட்டன் டவுன் டீமோடு கடைசி ஆட்டம் மட்டும்தான் மிச்சம். சமன் செய்தாலே போதும், இறுதிப்போட்டி. அக்கரப்பத்தனை முழுக்க அதே பேச்சாக இருந்தது.

அதற்கு முதல் நாள்தான் மேல் மலையில் குளவிக்கூடு கலைந்தது. கொழுந்து பறித்த பெண்கள் எல்லோரும் ஓடிவர, பாக்கியம் அக்கா மட்டும் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்துவிட்டார். ரோட்டுக்கு வந்துவிட்ட நீ திரும்பி ஓடினாய். உன் சட்டையைக் கழற்றி அவர் தலையை மூடினாய். குளவிகள் உன் வெற்றுடம்பை மொய்த்துக் கொட்டின. அக்கா பிழைத்துவிட்டார், மச்சான். இப்போது வேலைக்கும் போகிறார்.

உன்னைத் தூக்கிவந்தபோது தோட்டத்து லொறி ரோட்டில்தான் நின்றது. “கொழுந்த பெக்டரியில எறக்கிட்டு ஒடனே வந்துர்றேங்க, மேலயிருந்து சொல்லிட்டாங்க” என்றார் டிரைவர். நாங்கள் காத்திருந்தோம். உன்னால் காத்திருக்க முடியவில்லை. ஓட்டோ பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. கொழுந்து வாடிவிடக் கூடாது என்று கவலைப்பட ஆள் இருக்கிறது. நமக்கு?

அன்று மாலை காற்பந்துச் சங்கத்தின் செயலாளருக்கு நானே போன் எடுத்தேன். “சேர், எங்க கோல்கீப்பர் எறந்துட்டாருங்க. நாளைக்கு அடக்கம். மேட்ச வேற நாளைக்கு வைங்க.” “அடடா, சரி சரி, பாப்போம்” என்றார். நான் நம்பினேன்.

மறுநாள் உன்னைக் குழியில் இறக்கிய அதே நேரத்தில், ஹட்டனில் நடுவர் விசில் ஊதினாராம். ஒரு பக்கத்தில் டவுன் டீம் நின்றது. மறுபக்கம் யாரும் இல்லை. நாங்கள் வரவில்லை என்று மூன்றுக்குப் பூச்சியம் எனத் தோல்வி போட்டுவிட்டார்கள். இறுதிப்போட்டி கைவிட்டுப் போனது.

நியாயம் கேட்க டீமோடு போனேன். செயலாளர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “விதிப்படி எழுத்துல தந்திருக்கணும் தம்பி.”

“பொணத்த வீட்ல வச்சிக்கிட்டு எழுதிக்கிட்டா இருக்க முடியும் சேர்?”

“உணர்ச்சிவசப்படாதீங்க. இன்னிக்கு உங்களுக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாத் தோட்டத்துலயும் சாவுன்னு வந்து நிப்பாங்க.”

கேட்டாயா? மேட்சுக்காக நாம் சாவைச் சோடிப்போமாம்! அன்றைக்கு நான் கையை நீட்டாமல் திரும்பியது பெரிய காரியம்.

இதைவிடக் கொடுமை இறுதிப்போட்டி அன்று. மைதான வாசலில் பெரிய பேனர். அதில் உன் படம், மாலையோடு. ‘உயிர் தந்த வீரனுக்கு அஞ்சலி’ என்று எழுத்து. உன் அணியை வெளியே தள்ளிவிட்டு, உன்னை மட்டும் உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள்.

உன் தங்கச்சி செல்வி என்னோடு வந்திருந்தாள். எதிலும் முன்னுக்கு வராதவள் நேராகச் செயலாளர் முன்னால் போய் நின்றாள். “எங்க அண்ணன் படத்த கழட்டுங்க.”

“மரியாதைக்குத்தானேம்மா வச்சோம்.”

“அடக்கத்துக்கு ஒரு நாள் குடுக்க முடியாத ஒங்களுக்கு, எங்க அண்ணன் மொகம் எதுக்குங்க?”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். செல்வி பேனர் பக்கம் போனாள். கயிற்றைத் தானே அவிழ்த்தாள். மறுமுனையை அவிழ்த்தது யார் தெரியுமா? டவுன் டீம் கேப்டன் ரிஸ்வான். நம் புள்ளியில் இறுதிப்போட்டிக்கு வந்தவன். “அந்த மேட்ச் எங்களுக்கும் வேணாம்னு சொன்னோம் மச்சான், கேக்கல” என்றான் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

அவன் அதோடு விடவில்லை. அடுத்த ஞாயிறு டீமை வேனில் ஏற்றிக்கொண்டு நம் தோட்டத்து மைதானத்துக்கே வந்துவிட்டான். நடக்காத மேட்ச் நடந்தது. லயம் லயமாக, வரிசை வீடுகள் எல்லாம் காலியாகச் சனம் திரண்டு வந்தது. பாக்கியம் அக்காவும் வந்தார். உன் இடத்தில் நான் நின்றேன்.

இரண்டுக்கு ஒன்றில் தோற்றோம், மச்சான். இரண்டாவது கோல் என் கைக்கடியில் போனது. நீயாக இருந்தால் பிடித்திருப்பாய். ஆனாலும் அன்று யாரும் தலைகுனியவில்லை. அது நாங்கள் ஆடித் தோற்றது. யாரோ எழுதிவைத்தது அல்ல.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நானும் ரிஸ்வானும் போகிறோம். சாவு விழுந்த அணிக்கு வேறு நாள் கொடுக்க வேண்டும் என்று விதி எழுதும் வரைக்கும் எழுந்து நிற்பேன். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் செல்வியின் கணவன்,
என்றும் உன் மச்சான்,
முருகேசு