மூச்சை மீட்ட வேலிச்செடி

மழை பிழையாதிருக்க, மலை வளம் குன்றாதிருக்க.

வெண்குன்ற நாட்டுக்கு உரியோனும், ஏழு கணவாய்க்குக் காவலனும், குன்றுறை தெய்வத்தின் அடி மறவாதவனுமாகிய முகிலேறு வேள், கயத்தூர் நாட்டை நீதி வழுவாது ஆளும் அரிவைத்தேவியார் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரின் ஏரிகள் நிறைக, வயல்கள் விளைக, தேவியார் குடைநிழலில் வாழ்வோரைப் பசியும் பிணியும் அணுகாதொழிக.

மூன்றாண்டுகளாக நம்மிரு நாட்டிடையே ஓலை நடந்ததில்லை. ஆற்றங்கரை அணை குறித்து எழுந்த பூசலில், அதனைச் செப்பனிட வந்த நும் குடிகள் இருபத்தெழுவரை யாம் சிறைப்பிடித்தோம். எல்லைக் கதவையும் அடைத்தோம். அத்துணைப் பகைக்குப் பின்னர் இன்று யாமே முற்பட்டு எழுதுவது நன்றி கூறுதற்கு.

சென்ற மார்கழியில் எம் நாட்டில் கொடிய இருமல் பரவிற்று. சளி நெஞ்சில் கட்டி, மூச்சு சீழ்க்கையொலியோடு இழுத்து, முதியோரும் மழலையரும் மாண்டனர். எம் அரண்மனை மருத்துவர் இடித்துத் தந்த சூரணம் எதுவும் பலிக்கவில்லை. எம் ஒரே மகள் பூவை ஆறு வயதினள். படுத்தால் மூச்சடைக்கிறதென்று ஐந்து நாள் எம் தோளில் சாய்ந்தபடியே கிடந்தாள்.

அந்நாளில் இருமற் செய்தி கேட்டு ஆற்றைக் கடந்து வந்த நும் நாட்டு மருத்துவச்சி சேந்தியை எம் காவலர் பிடித்துக் கொணர்ந்தனர். அவள் தலைச்சுமையில் இருந்தவை, வெண்பூவோடு ஒடித்த ஆடாதோடைக் கொம்புகள். ஆடும் தொடாத கசப்புச் செடியென்று எம்மவர் வேலிக்கு மட்டும் வைப்பதும், வழியை மறைத்தால் வெட்டி எரிப்பதும் அதுவே. நஞ்சிட வந்த ஒற்றாள் என மருத்துவர் ஐயுற்றார். யாமும் ஐயுற்றோம், அவள் கைகளைக் கட்டப் பணித்தோம். அப்போது அவள் கூறியதை அவளது ஊர்ப்பேச்சு மாறாமலே எழுதுவிக்கிறோம்: “கட்டறதுன்னா அப்புறம் கட்டுங்க. முதல்ல புள்ளைக்கு மூச்சு வரட்டும். உங்களுக்குப் பயமா இருந்தா கசாயத்தை நான் முன்னாடி குடிக்கிறேன்.”

குடித்தாள். அவளுக்குத் தீங்கு நேர்கிறதா என்று ஒரு நாழிகை பார்த்திருந்தோம். அந்த நாழிகை முழுதும் எம் மகள் மூச்சுக்குத் தவித்தாள் என்பதை நினைக்க இன்றும் நாணுகிறோம். பின்னர்ச் சேந்தி இலையை நறுக்கி, நீரிலிட்டுச் சுண்டக் காய்ச்சி, தேன் கூட்டிச் சிறிது சிறிதாகப் புகட்டினாள். மறுநாள் சளி இளகி வெளிப்பட்டது. மூன்றாம் நாள், “கசக்குது, வேணாம்!” என்று பூவை உரக்க அழுதாள். உரக்க அழுதற்கு மூச்சு வந்துவிட்டதே என்று அரண்மனை முழுதும் மகிழ்ந்தது.

எம் மருத்துவர் செருக்கை விட்டு அவளிடம் கேட்டறிந்தார். அவ்விலையின் கசப்பே சளியை இளக்குவது என்றும், அளவு மீறினால் வாந்தி காணும் என்றும், கருவுற்ற மகளிர்க்கு அதனைத் தரவே கூடாது என்றும் அவள் கற்பித்தாள்.

அன்று, வேண்டுவது யாதெனக் கேட்டோம். பொன் வேண்டாள் ஆயினாள். எம் சிறையிலுள்ள தன் தம்பி கண்ணந்தையை ஒருமுறை காண வேண்டும் என்றாள். தேவியாரே, எம் பிழையை மறையாது எழுதுகிறோம். அவள் வருவதற்குப் பதினொரு நாள் முன்னரே, இதே இருமலால், கண்ணந்தை எம் சிறையில் இறந்திருந்தான். சிறைக்காவலன் அறிந்திருந்தான், யாம் கேட்டறியவில்லை.

அச்செய்தியைப் பிறர் வாயில் விடாது யாமே சொன்னோம். அவனைப் புதைத்த இடத்துக்கு உடன் சென்றோம். ஒரு பகல் முழுதும் அவள் அங்கே அமர்ந்திருந்தாள்; எம்மை ஏறிட்டு நோக்கவில்லை. இனி அவள் தன் நாட்டுக்குப் போவதே முறையென்று, காவலரை விலக்கி ஆற்றுவழியைத் திறந்து வைத்தோம்.

மறுநாட் காலை அவள் சிறைவாயிலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். “உள்ள இன்னும் இருமுறாங்க. பெரிய பானையா ஒண்ணு குடுங்க” என்றாள். பானையை யாமே சுமந்து சென்று கொடுத்தோம். சிறையில் நோயுற்றிருந்த நும் குடிகள் பன்னிருவரும் பிழைத்தனர். அதன்பின் தை முடியுமட்டும் அவள் எம் ஊர்தோறும் நடந்தாள். தம்பியைப் பறித்த நாட்டின் பிள்ளைகளுக்குத் தன் கையால் மருந்து புகட்டியவளுக்கு நன்றி என்னும் சொல் சிறிது. எனினும் வேறு சொல் அறியோம்.

ஆதலின் அறிக. உயிரோடுள்ள இருபத்தறுவரும் சேந்தியோடு இன்று புறப்படுகின்றனர். இவ்வோலையைச் சுமப்போரும் அவர்களே. கண்ணந்தையின் சாவுக்கு யாமே பொறுப்பு; தேவியார் விதிக்கும் தண்டம் எதுவாயினும் தலைவணங்கி ஏற்போம். அணையை நும் விருப்பப்படி கட்டுக; மண் சுமக்க எம்மவர் வருவர். எம் நாட்டில் ஆடாதோடையை வெட்டி எரித்தல் கூடாதென்றும், இருமலுற்றோர் வந்து கேட்டால் எவ்வீட்டு வேலியிலும் இலை பறிக்க விடவேண்டும் என்றும் பறையறைவித்துள்ளோம்.

இஃது எம் ஆணை. இதன் கீழ்ப் பொறித்தது எம் மலைமுடி இலச்சினை. எல்லைக் கதவின் இரும்புத் தாழைக் கழற்றி இவ்வோலையோடு விடுத்துள்ளோம். அதனைத் தேவியாரே வைத்துக்கொள்க.