இரண்டு மைக்

அன்புள்ள லேகா அக்காவுக்கு,

பாறசாலை உற்சவ கானமேளாவில், தொண்டை கட்டிவிட்டதென்று என்னை டூயட் பாடச் சொன்னீர்கள். கோரஸிலேயே நின்று பழகிய நான் பயந்துகொண்டே பாடினேன். நான் மறந்த வரியைப் பின்னாலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்தபோது உங்கள் குரல் கணீரென்றிருந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை.

நேற்று ட்ரூப் நடத்தும் தங்கப்பன் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"மக்கா, இனி லேகாவுக்குப் பதிலு நீயாக்கும். ட்ரூப்புக்கு ஒரு பெண்ணு போதும்."

என் படிப்பை நிறுத்தியபோதுகூட வாய் திறக்காதவள் நான். "அக்காவும் உண்டுன்னா வாறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க அண்ணே" என்றேன்.

"கொள்ளாமே, கோரஸுக்கும் நாக்கு முளைச்சாச்சு!" என்று சிரித்தார். பிறகு, சனிக்கிழமை நெய்யாற்றின்கரையில் பெண்களுக்கு இரண்டு மைக் என்று ஒத்துக்கொண்டார்.

முதல் பாட்டை நீங்களே பாடுங்கள் அக்கா. அதைக் கேட்டால்தான் எனக்குச் சுருதி நிற்கும்.

பயம் இன்னும் போகாத
உங்கள் தங்கை