கன்னத்துக்குள் ஈயக்குண்டு

மே 14, 2024 – செவ்வாய்

காலையிலிருந்து மழை. என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் காலில் ஈரச் சப்பாத்தோடு இருமிக்கொண்டிருந்தார்கள். பாடசாலை விட்டதும், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலிருந்து மகள் கேஷிகாவைத் தூக்கி வந்தேன். சோற்றைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இரண்டரை வயது, பிடிவாதம் இருபது வயதுக்கு இருக்கிறது. பேச்சு மட்டும் இன்னும் ஒற்றைச் சொல்லில் நிற்கிறது – "பால்", "வேணா", "ஆட்டோ".

தர்ஷனும் சாப்பிடவில்லை. வயிறு பிசைகிறதாம். "டவுன்ல தின்ன கொத்துரொட்டி." என் கணவருக்கு உடம்பில் எந்த வருத்தம் வந்தாலும் காரணம் கொத்துரொட்டிதான்.

மே 19 – ஞாயிறு

எழுதினாலாவது மனசு அடங்குமா பார்ப்போம்.

ஆட்டோ ஓட்டாத ஞாயிறுகளில் தர்ஷன் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் போடப் போவார். தூண்டில் ஆழத்துக்கு இறங்க ஈயக்குண்டு வேண்டுமே, அதையும் அவரே வார்ப்பார். டயர்கடை மஃறூப் நானா கொடுக்கும் பழைய ஈயத் துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டு, எங்கள் அடுப்படியில்தான் உருக்குவார். கட்டிலுக்கடியில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

இன்று கேஷிகா ஒரு பக்கக் கன்னம் உப்பலாக, ரொம்ப அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அமைதியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். டொபி மிட்டாய் என்று நினைத்து விரலை விட்டுத் தோண்டினேன் – ஈயக்குண்டு!

தர்ஷன் சிரித்தார். "அதான் எடுத்துட்டியே, விடு நிலா. நானும் சின்னதுல ஒத்த ரூபா முழுங்கினவன்தான். அம்மா இன்னும் அதத் திருப்பிக் கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்துத் தேடினேன். உடம்பில் ஈயம் சேர்ந்தால் பசி குறையும். வயிறு வலிக்கும், மலம் இறுகும். பிள்ளை வெளிறிப் போகும், சோரும், சிணுங்கும். பேச்சு பிந்தும். மண்ணைத் தின்னும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூட.

எல்லாமே இவளுக்கு இருக்கிறதே!

ஆனால் – எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை?

மே 20 – திங்கள்

பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஈயம் காதையும் மந்தமாக்குமாம். அடுத்த அறையில் பிஸ்கட் பக்கெட் பிரியும் சத்தம் கேட்டது, ஓடிப்போனாள். சரி, காதில் குறையில்லை.

தர்ஷன் என் பின்னாலேயே வந்து கேலி பண்ணுகிறார். "டீச்சரம்மா, எனக்கும் மார்க் போடுங்க. பசியில்ல, தலவலி, எரிச்சல், சொன்ன பேச்சு கேக்குறதில்ல. நூத்துக்கு நூறு!"

இதற்குச் சிரித்துவிட்டேன்.

மே 22 – புதன்

வைத்தியசாலை. டொக்டர் அஸ்மியா என்னைவிடச் சின்னவராக இருப்பார். நான் ஒப்புவித்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அறிகுறிய மட்டும் நம்பி இருக்காதீங்க மிஸ். நிறையப் பிள்ளைகளுக்கு வெளியில ஒண்ணுமே தெரியாது. ரத்தத்தப் பாத்தாத்தான் நிச்சயம்."

ரத்தம் எடுத்தார்கள். அது கொழும்புக்குப் போய் முடிவு வரவேண்டுமாம். காத்திருக்க வேண்டும். எனக்கா காத்திருக்கத் தெரியாது!

"ஈயத்த உருக்குறது யாரு? அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். வெளியே காத்திருந்த தர்ஷனிடம் வந்து சொன்னால், "நான் என்ன பாப்பாவா? நான் எதையும் முழுங்கல" என்கிறார். பிறகு ஆட்டோவை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் மருந்தகத்தைச் சுற்றி நடந்தார். இவருக்கு எப்போதுமே மறதி.

எப்போதுமேவா?

மே 26 – ஞாயிறு

ஈயம் கூடினால் சிலருக்குப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலக் கோடு விழுமாம், பிள்ளைகளிடம் அபூர்வமாம். அபூர்வம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லையே. டோர்ச்சை எடுத்துக்கொண்டு கேஷிகா முன்னால் உட்கார்ந்தேன். வாய் பூட்டு.

"இதுக்குப் போயி ஏன் கெஞ்சுற? பாப்பா, இங்க அப்பாவப் பாரு. ஆ..."

குனிந்து, வாயை அகலத் திறந்து காட்டினார். அவள் டோர்ச்சைப் பிடித்து அப்படியே அவர் வாய்க்குத் திருப்பினாள்.

கீழ் ஈறில், முன்பற்களின் ஓரமாக, பென்சிலால் கீறியது போல ஒரு கருநீலக் கோடு.

"என்னங்க... அந்தச் சின்னக் குண்ட தூண்டில் நரம்புல எப்புடி இறுக்குவீங்க?"

"எப்புடி? பல்லாலதான். எல்லாரும் அப்புடித்தானே."

எல்லாரும் அப்புடித்தானே! நான் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு பிசைந்தது யாருக்கு? தலைவலி, மறதி, விரல் மரத்துப் போகிறது என்று ஹேண்டிலை விட்டுவிட்டுக் கையை உதறியது – எல்லாம் யாருக்கு? நூத்துக்கு நூறு என்று அவரே சொன்னாரே, நான் சிரிச்சேனே. அய்யோ.

மே 27 – திங்கள்

தர்ஷனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஊசியைக் கண்டு மயங்கியவர் கேஷிகா அல்ல.

ஜூன் 2 – ஞாயிறு

வீட்டைத் துடைத்தோம். வாரியலால் பெருக்கினால் தூசு எழும்பும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கேஷிகாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அடுப்படி, கட்டிலடி, இஸ்தோப்புத் திண்ணை எல்லாம். ஈயம் உருக்கிய டின்னையும் குண்டு டப்பாவையும் இறுக்க மூடி மஃறூப் நானாவிடமே திருப்பிக் கொடுத்தார் தர்ஷன். விஷயத்தைக் கேட்ட நானா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "யா அல்லாஹ்! இதத் தொட்ட கையாலதானே நான் டெய்லி வடை திங்கிறன்!" இப்போது கடை வாசலில் கை கழுவச் சவர்க்காரம் தொங்குகிறது.

ஜூன் 18 – செவ்வாய்

முடிவு வந்துவிட்டது.

கேஷிகாவுக்குக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம் என்றாலும் நல்லதில்லை, ஆனால் மருந்து தேவைப்படாது. இனிமேல் ஈயம் உள்ளே போகாமல் பார்த்தால் இறங்கும் என்றார் டொக்டர். கீரை, பால், முட்டை கொடுக்கச் சொன்னார். சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

தர்ஷனுக்குத்தான் நிறைய. வார்ட்டில் வைத்து மருந்து கொடுக்கிறார்கள்.

கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "புள்ளைக்கு நாந்தான் குடுத்துட்டேன் நிலா."

"தெரியாமத்தானே. இப்பத் தெரிஞ்சிருச்சில்ல" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இந்தப் பக்கம் திரும்பி, "இங்க தார சோத்துக்கு கொத்துரொட்டியே தேவல" என்றார். மூச்சு வந்தது எனக்கு.

ஜூலை 7 – ஞாயிறு

வார்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட தர்ஷன் இன்று கறியில் உப்பு கூட என்றார். பசி வந்துவிட்டது, கூடவே வாயும் வந்துவிட்டது.

செப்டம்பர் 15 – ஞாயிறு

போன மாதம் கொடுத்த ரத்தத்தின் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு பேருக்கும் இறங்கியிருக்கிறது. இவருக்கு இன்னும் இறங்க வேண்டும், கிளினிக் தொடரும். "வடிவா இறங்குது" என்று டொக்டர் அஸ்மியா சிரித்தபோது எனக்கு ஏன் அழுகை வந்ததோ!

இன்று பல நாளைக்குப் பிறகு வெயில். தர்ஷன் தூண்டிலை எடுத்தார். குண்டுக்குப் பதில் ஆட்டோவில் கழற்றிய பழைய இரும்பு நட்டு, அதன் முடிச்சைக்கூடப் பல் படாமல் குறட்டால்தான் இறுக்கினார். கொண்டுவந்தது உள்ளங்கை அளவு ஒரே ஒரு திலாப்பியா. "நட்டுக்கு வார மீனு இவ்வளவுதான்" என்று நட்டின் மேல் பழி.

பொரித்துச் சாப்பிட்டு முடிந்ததும் கேஷிகா டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தினமும் இதுதான் வேலை.

"அப்பா, ஆ."

அவர் மண்டியிட்டு வாயைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கோடு மங்கிவிட்டது, தேடினால்தான் தெரிகிறது. அவள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, டொக்டர் மாதிரியே தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாள்:

"அப்பாக்கு ஒண்ணும் இல்லம்மா."

ஒற்றைச் சொல் இல்லை. முழு வசனம்.